மாதிரி விடை

பண்டாரவளையில் மூன்றாம் நாள்.
ஜன்னலுக்கு வெளியே மைதானம் இல்லை, மூடுபனிதான்.
இஸ்லாம் பாடம், இரண்டாம் பத்திரம்,
கட்டுக்கு நாற்பது.
சிவப்புப் பேனையின் மை குளிரில் இறங்கவில்லை;
உள்ளங்கையில் உருட்டி உருட்டிச் சூடாக்குகிறேன்.

ஏழாம் வினா:
அல்பதீஉ என்னும் திருநாமத்தை விளக்கி
ஒரு முஸ்லிம் பெறும் படிப்பினைகள் ஐந்து தருக.
புள்ளித் திட்டத்தில் தெளிவாக இருக்கிறது:
முன்மாதிரி ஏதுமின்றிப் படைத்தவன்.
அதற்கு மேலே தடித்த எழுத்தில்
மாதிரி விடை.
இருபத்தாறு வருஷமாகத் திருத்துகிறேன்,
இரண்டு வரியையும் சேர்த்து வாசித்தது இன்றைக்குத்தான்.

வாசிக்க வைத்தது ஒரு சுட்டெண்.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
எழுத்து வலப்பக்கம் சரிந்து போகிறது
சரிவில் வெட்டிய கிழங்குப் பாத்தி போல.

"ஐந்து வரவில்லை. ஒன்றுதான் வந்தது.
வாப்பாவின் கிழங்குத் தோட்டத்துக்கு வெருளி செய்தேன்.
பழைய சாரன், உரப்பை, வைக்கோல்,
தலைக்கு வெள்ளைத் துணி கட்டிய சட்டி.
முகம் போடவில்லை.
உருவம் செய்தவனிடம் மறுமையில்
அதற்கு உயிர் கொடு என்று சொல்லப்படுமாம்.
என்னால் கொடுக்க முடியாது.
அதனால் வெறும் துணியாகவே விட்டேன்.
பன்றி பயப்படவில்லை.
மூன்று மழைக்குப் பிறகு
துணியில் பூஞ்சணம் பிடித்தது:
இரண்டு வட்டம், கீழே ஒரு கோடு.
வாப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
அந்த முகத்தை நான் எங்கேயும் கண்டதில்லை.
பதீஉ என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.
ஆனால் துணியைக் கட்டியது நான்.
கட்டும்போது சந்தோஷமாக இருந்தது.
அந்தச் சந்தோஷத்தைப் படைத்தது யார்?"

அவ்வளவுதான். கீழே அரைப்பக்கம் வெள்ளை.

ஜெஸீமா டீச்சர் இரண்டு தரம் வாசித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பொடியன் நல்லா எழுதீக்கிறான். அதுக்கு?"
பொடியன் என்டு எப்படித் தெரியும் என்றேன்.
"வெருளி செஞ்சீக்கே."

பிரதான பரீட்சகர் மர்ஜான் சேர் நல்ல மனிதர்,
தன் ஃப்ளாஸ்க்கில் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்திருப்பவர்.
"திட்டத்துல இல்லாதத்துக்குப் புள்ளி போட ஏலா, டீச்சர்.
வார வருஷம் ஒவ்வொரு புள்ளையும் வெருளி செய்யும்."
செய்யட்டுமே என்று நினைத்தேன்,
தேத்தண்ணியைக் குடித்தேன்.

லுஹருக்கு ஒன்பதாம் வகுப்பில் பாய் விரித்திருந்தோம்.
கிப்லாத் திசையில் கரும்பலகை;
யாரோ அழிக்காமல் விட்டுப்போன மனிதக் கண்,
குறுக்குவெட்டு, பாகங்கள் பெயரிடப்பட்டது.
ஜெஸீமா தன் சால்வையை ஆணியில் மாட்டி மறைத்தார்.
ருகூவிலிருந்து நிமிரும்போது
மலைக்காற்று வந்து அதை விலக்கியது.
விழிவில்லை. விழித்திரை. குருட்டிடம்.

தொழுகையில் கவனம் சிதறியதை மறைக்கவில்லை:
ஆள் நடமாட்டமில்லாத சரிவில், மழையில்,
ஒரு சட்டித் துணியிலும் வேலையை நிறுத்தாத ஒருவனை
ஐந்து படிப்பினைகளாக நறுக்கியது யார்?
தேடவே தேவையில்லை.
திட்டம் வகுத்த குழுவின் பட்டியலில்
நான்காவது பெயர் என்னுடையது.

படிப்பினை ஒன்றுக்கு மூன்று.
மூன்று போட்டு வட்டமிட்டேன்.
மை இப்போது தாராளமாக இறங்கியது.

வெலிமடை பஸ், இருட்டுகிற நேரம்.
சரிவெல்லாம் வெருளிகள்.
ஒன்றுக்குப் பள்ளிச் சட்டை, ஒன்றுக்கு ஹெல்மட்,
ஒன்று ஒரு கையை மட்டும் தூக்கியபடி.
எதற்கும் சுட்டெண் இல்லை.
முகங்களைப் பார்க்கக் கண்ணாடியைத் துடைப்பேன்,
பஸ் வளைவில் திரும்பிவிடும்.

மீதிப் பன்னிரண்டு புள்ளிகளும்
என் கைப்பையில் சில்லறையோடு கிடக்கின்றன,
இறங்க வேண்டிய இடம் தாண்டியும்.